அப்பாவின் காக்கிப் பேன்ட்டும் ஐம்பது வாட் ஆம்பும்

எங்கள் வீட்டில் காலை ஒன்பது மணிக்கு நடுராத்திரி தொடங்கும். சாரல் அடிக்கிற மூன்று மாதமும் அப்படித்தான். அப்பா போலீஸ்காரர். சீசன் வந்துவிட்டால் குற்றாலம் பேரருவியில் அவருக்கு இரவுப் பணி. ஊருலகத்தில் உள்ள அத்தனை பேரும் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு வந்து அருவிக்குள் நிற்பார்கள். அப்பா அவர்களுக்கு எதிரே விசிலோடு நிற்பார். "மேல ஏறாத", "ஓரமா வா", "குளிச்சது போதும், அடுத்த ஆளுக்கு வழி விடு" என்கிற மூன்றே வசனங்களை விடிகிறவரை கத்திவிட்டு, தொப்பலாக நனைந்து, காலையில் பக்கத்தில் இலஞ்சியில் இருக்கிற வீட்டுக்கு வந்து சேருவார். ஒன்பது மணிக்குப் படுத்தால் மூன்று மணிக்கு எழுந்திருப்பார். அந்த ஆறு மணி நேரமும் எங்கள் வீட்டுக் குக்கருக்கு விசிலடிக்க அனுமதி கிடையாது. ஒருமுறை மீறி அடித்துவிட்டது. அப்பா தூக்கத்திலேயே, "ஏய், ஓரமா வா" என்றார். அம்மா உண்மையிலேயே அடுப்பை விட்டு ஓரமாக வந்து நின்றாள்.

அதே வீட்டில்தான் நானும் இருந்தேன், கிடார் சத்தத்தைப் பெருக்குகிற என்னுடைய ஆம்பும் இருந்தது.

மூன்று வருட பாலிடெக்னிக் படிப்பை ஒன்றரை வருடத்தில் முடித்தவன் நான். அதாவது, அதற்குமேல் நான் போகவில்லை. எலக்ட்ரானிக்ஸில் பாதி தெரியும். தெரிந்த பாதியை வைத்து வீட்டு முன்னறையில் மிக்சி, மின்விசிறி, இன்டக்ஷன் அடுப்பு எல்லாம் ரிப்பேர் பார்க்கிறேன். தெரியாத பாதி வந்து சேர்ந்தால், "இதுக்கு இப்ப பார்ட்ஸே வாரதில்ல" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கோயில் கொடைத் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் வாசிக்கிற ஒரு மெல்லிசைக் குழுவில் கிடாரும் வாசிக்கிறேன். குழுவில் கீபோர்டுக்காரரே நாலு ஆள் வேலையைப் பார்த்துவிடுவார் என்பதால், நான் எதற்கு என்று அவருக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. எனக்கும் இருந்தது, அந்த ஆம்ப் கைக்கு வருகிறவரை.

கடையநல்லூரிலிருந்து ஒரு பாய் ரிப்பேருக்கு டேபிள் ஃபேன் கொண்டுவந்தார். துபாயில் ஒரு ஓட்டலில் பல வருடம் வேலை பார்த்துத் திரும்பியவர். சுவரில் சாய்ந்திருந்த கிடாரைப் பார்த்துவிட்டு, "தம்பி, எங்க வீட்டுப் பரண்ல ஒரு பொட்டி கெடக்கு. ஓட்டல்ல பாட வந்த வெள்ளைக்காரனுவ விட்டுட்டுப் போனது. டிவிக்குச் சேத்து வைக்கலாம்னு கார்கோல போட்டு அனுப்புனேன். ம்ம்முனு இழுத்துக்கிட்டே இருக்கு. உனக்கு ஆகுமா பாரு" என்றார். போய்ப் பார்த்தால், ஐம்பது வாட் வால்வு ஆம்ப். ஸ்பீக்கரோடு சேர்ந்து ஒரு ஆட்டுக்கல் கனம். பின்பக்கம் திறந்தால், பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரி கண்ணாடிக் குழாய்கள். பாயின் ஃபேனைச் சும்மா சரிபார்த்துக் கொடுத்தேன். அவர் ஆம்பைச் சும்மா கொடுத்தார். இரண்டு பேருமே அடுத்தவரை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு சந்தோஷமாகப் பிரிந்தோம்.

பழுதாகிப்போன இரண்டு கண்டென்சரை மாற்றியதும் இழுவை நின்றது. ஆனால் வால்வு ஆம்புக்கென்று ஒரு குணம் இருக்கிறது. மெதுவாக வைத்தால், பெண் பார்க்க வந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளை மாதிரி அடக்கமாக, உப்புச் சப்பில்லாமல் பேசும். சத்தக் குமிழைத் திருகி முழுக்க ஏற்றினால்தான் வால்வுகளுக்கு மூச்சு முட்டி, நாதம் கொஞ்சம் கிழிந்து, தேன் ஊற்றின மாதிரி கொழகொழவென்று நீண்டு வரும். அந்தச் சத்தம்தான் வேண்டும். அந்தச் சத்தம் வரவேண்டுமானால் இலஞ்சி முழுக்கக் கேட்கும்.

சரி, அப்பா வேலைக்குப் போன பிறகு வாசிக்கலாமே என்று கேட்பீர்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டு டீச்சர் டியூஷன் ஆரம்பிப்பார். அது முடிவதற்குள் அம்மா சீரியல் ஆரம்பித்துவிடுவாள். சீரியலுக்குக் குறுக்கே வருகிறவனுக்கு எங்கள் வீட்டில் சோறு கிடையாது. அதற்குப் பிறகு ஊர் தூங்கிவிடும். மிச்சம் இருப்பது பகல்தான். பகலோ அப்பாவுடைய ராத்திரி.

போன வருடம் சீசன் தொடங்கிய முதல் வாரம், ஆசையை அடக்க முடியாமல், பகல் பதினோரு மணிக்குக் குமிழை முழுக்கத் திருகி ஆறு கம்பியையும் சேர்த்து ஒரே ஒரு கார்டு அடித்தேன். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. தட்டில் இருந்த ஸ்க்ரூ எல்லாம் தாமாக நகர்ந்தன. அப்பா லுங்கியோடு வாசலில் வந்து நின்றார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்ததால் அவரால் திட்டக்கூட முடியவில்லை. கிசுகிசுவென்றுதான் வந்தது. அது திட்டைவிடப் பயமாக இருந்தது.

"சத்தத்தக் கொறச்சு வச்சு வாசிக்க முடியாதோ?"

"கொறச்சா நல்லா இருக்காதுப்பா. இது கத்துனாத்தான் அழகு."

"நானும் அருவியில ராத்திரி பூரா கத்துதேன். ஒருத்தனாவது அழகுன்னு சொன்னானால?"

நான் சிரித்துவிட்டேன். அங்கேதான் தப்பு நடந்தது.

"சிரிக்கியா? கேட்டுக்க. இன்னும் ஒரே ஒரு தடவ நான் இந்த மூதியால முழிச்சேன்னு வையி, அன்னைக்குச் சாயங்காலமே இது அச்சன்புதூர் மைக்செட் அண்ணாச்சி வீட்டுல இருக்கும். அவர் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு."

அப்பா சொன்னால் சொன்னதுதான். இருபத்தைந்து வருடமாக அருவியில் யாருக்கும் 'இன்னும் ரெண்டு நிமிசம்' கொடுத்தறியாத மனிதர். ஆக, சீசன் முடிகிறவரை அவரை ஒருமுறைகூட எழுப்பாமல் இருந்தால் ஆம்ப் எனக்கு. எழுப்பினால் மைக்செட் அண்ணாச்சிக்கு. அதுவும் அவர் அதை எதற்குப் பயன்படுத்துவார் என்றும் எனக்குத் தெரியும். வால்வுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, ஸ்பீக்கரை மட்டும் எடுத்து ஆட்டோவில் கட்டி, காது குத்து அறிவிப்பு போடுவார்.

இரண்டு நாள் செல்போனில் துழாவினேன். அப்போதுதான் அட்டெனுவேட்டர் என்கிற சமாச்சாரம் அகப்பட்டது. ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வைக்கிற ஒரு பெட்டி. ஆம்ப் முழுத் தொண்டையில் கத்தும். பெட்டி அந்தக் கத்தலில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டு, ஸ்பீக்கருக்கு ஒரு சொட்டு மட்டும் விடும். கத்தினோம் என்ற திருப்தி ஆம்புக்கு, கத்தல் கேட்கவில்லை என்ற திருப்தி அப்பாவுக்கு. வெளிநாட்டில் இதை அழகான பெட்டியாக விற்கிறார்கள். விலையைப் பார்த்ததும் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

பிறகு திரும்பவும் எடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. கனமான இரண்டு ரெசிஸ்டர்கள். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ஆட்களுக்கு இது சட்டென்று புரியும். ஒன்று குறுக்கே நின்று வேகத்தைத் தடுக்கிற மடை. இன்னொன்று, மிஞ்சி வருகிற தண்ணீரை வயலுக்குள் விடாமல் பக்கவாட்டில் வெளியேற்றுகிற வடிகால். ஸ்பீக்கர்தான் வயல். அதற்கு ஈரம் காட்டினால் போதும். விழுங்கப்பட்ட சத்தம் எல்லாம் சூடாக மாறும் என்பதால், ரெசிஸ்டர்களைப் பெரிய அலுமினியத் துண்டில் திருக வேண்டும் என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டில் இருந்த பெரிய அலுமினியத் துண்டு, ஓரத்தில் ஓட்டை விழுந்து மூலையில் கிடந்த பழைய இட்லிக் கொப்பரைதான்.

கொப்பரையின் அடியில் ரெசிஸ்டர்களைத் திருகி, மூடியில் சூடு வெளியேற ஏழு துளை போட்டு, இரண்டு பக்கமும் ஒயரை இழுத்தேன். குமிழை முழுக்க ஏற்றி, அப்பா படுத்திருக்கிற அறைப் பக்கம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கார்டு அடித்தேன். ஒரு கொசு, சங்கீதம் முறையாகப் படித்திருந்தால் எப்படிப் பாடுமோ அப்படி வந்தது. ஆனால் அந்தக் கொசுவிடம் எல்லாம் இருந்தது, கிழிசல், கொழகொழப்பு, நீளம், எல்லாம். கொஞ்சம் மங்கல்தான். போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. இருக்கட்டும். உள்ளே அப்பாவின் குறட்டை ஐம்பது வாட் ஆம்பை அமுக்கிக்கொண்டு கேட்டது.

நான்கைந்து நாள் சுகமாகப் போயிற்று. ஒருநாள் அம்மா வந்தாள்.

"ஏலே, என் கொப்பரைய எதுக்குல எடுத்த?"

"எம்மா, அது ஓட்டக் கொப்பரதானே."

"ஓட்டன்னா என்ன, நாளைக்கு ஈயம் வச்சு..." என்றபடி மூடியில் கை வைத்தவள் சட்டென்று எடுத்துவிட்டாள். "சுடுதுல்லா! அடுப்பு இல்லாம உள்ள என்னது வேகுது?"

"பாட்டும்மா."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் கொப்பரையை ஒரு பார்வை பார்த்தாள். அவள் யோசித்தது என்ன என்பது சாரலில் குடும்பம் நடத்தியவர்களுக்கு மட்டுமே தெரியும். சீசனுக்கு வருகிறவர்கள் சாரலை முகத்தில் வாங்கிக்கொண்டு 'ஆகா' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே குடியிருக்கிறவர்களுக்கு மூன்று மாதம் துணி காயாது. கொடியில் போட்டால் போட்டதைவிட ஈரமாகத் திரும்பி வரும். அதிலும் போலீஸ் காக்கி, சாக்கு மாதிரி கனம். அப்பாவுக்கு இரண்டு செட் யூனிஃபார்ம். ஒன்று உடம்பில் நனைந்துகொண்டிருக்கும், இன்னொன்று கொடியில் நனைந்துகொண்டிருக்கும். இஸ்திரிப் பெட்டி மேல்பக்கத்தைக் காயவைக்கும். இடுப்புப் பட்டியும் தையலும் பாக்கெட் உள்துணியும் ஈரமாகவே நிற்கும். முன்பு பழைய ஃபிரிட்ஜின் பின்னால் ஒரு சூடான கம்பிவலை இருந்தது. அதில்தான் அப்பாவின் பேன்ட் பத்து வருடம் காய்ந்தது. புது ஃபிரிட்ஜ் வாங்கினோம், பின்பக்கம் வழவழவென்று இருந்தது, அம்மா அன்றைக்கே அந்தக் கம்பெனிக்காரனைச் சபித்தாள்.

போனவள் அப்பாவின் ஈர பேன்ட்டோடு திரும்பி வந்தாள்.

"எம்மா, வேண்டாம். துளைய அடைச்சா உள்ள சூடு தங்கிரும்."

"அடைக்கல. ஓரமாத்தான் போடுதேன். நீ பாட்டுக்கு வாசி."

மூன்று மணி நேரத்தில் பேன்ட் காய்ந்துவிட்டது. இடுப்புப் பட்டி உட்பட. அம்மா அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். நான் வாசித்ததைக் கேட்டு ஒருவர் முகம் அப்படி மலர்ந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாளிலிருந்து அம்மாவுக்கு இசை ஞானம் பிறந்தது. ஒற்றை ஒற்றை ஸ்வரமாக மெலடி வாசித்தால் கொப்பரை அவ்வளவாகச் சூடாகாது. ஆறு கம்பியையும் சேர்த்து இழுத்து, விடாமல் முழக்கினால்தான் சூடு ஏறும். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளே துணியைத் தொட்டுத் தொட்டுக் கண்டுபிடித்தாள்.

"இது என்னல, தாலாட்டு மாதிரி? கைக்குட்டகூடக் காயாது. அன்னைக்கு டர்ர்ருனு ஒண்ணு வாசிச்சல்லா, அத வாசி."

"எம்மா, அது அம்மன் கொடையில சாமியாட்டத்துக்கு வாசிக்கது."

"ஆடிட்டுப் போட்டும். சாக்ஸும் இருக்கு."

அப்பாவுக்கு எதுவும் தெரியாது. ஒருநாள் கிளம்பும்போது பேன்ட்டைத் தடவிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"இந்த வருசம் துணியெல்லாம் நல்லா காயுதே, எப்படி?"

"வெயில் அடிக்கில்லா."

"எங்கன அடிக்கு? ஒரு வாரமா நான் சூரியனயே பாக்கல."

"நீங்க தூங்குத நேரத்துல அடிக்கு."

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஒரு மிக்சி ஜாரின் பிளேடை ரொம்ப அக்கறையாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். "ஆமாப்பா, பதினோரு மணிக்கு ஒரு வெயில் அடிக்கும் பாரு" என்றேன். அவர் நம்பினார். பகல் பதினோரு மணி என்கிற ஒன்றைக் கண்ணால் பார்த்தே ஒரு மாதம் ஆனவர், நம்பாமல் என்ன செய்வார்?

இப்படி அப்பாவைத் தூங்கவைத்துக்கொண்டே அவருடைய பேன்ட்டைக் காயவைக்கிற என் சேவை மூன்று வாரம் தடையில்லாமல் நடந்தது. பிறகுதான் சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி அருவியைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. அவர் வருகிற அன்று காலை அப்பா படுக்கப் போகும்போதே சொல்லிவிட்டார்.

"யூனிஃபார்ம் காஞ்சிருந்தா மட்டும் போதாது. மடிப்பு கத்தி மாதிரி நிக்கணும்."

அம்மா அதை மனதில் வாங்கிக்கொண்டாள். நான் அன்றைக்கு இரண்டு வேலை ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை ஒரு கொடையில் நிகழ்ச்சி இருந்ததால், கண்ணை மூடிக்கொண்டு சாமியாட்ட முழக்கத்தைத் திரும்பத் திரும்ப அடித்தேன். என் முதுகுக்குப் பின்னால் அம்மா வந்து, பேன்ட்டை நாலாக மடித்து, கொப்பரை மூடிமேல் ஏழு துளையும் அடைகிற மாதிரி பரப்பி, அதன்மேல் உட்காருகிற மணைப்பலகையை வைத்து, மடிப்பு விழட்டும் என்று பலகையின்மேல் அரிசி மாவு டப்பாவையும் தூக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். எனக்குத் தெரியாது. நான்தான் கண்ணை மூடிக் கலையில் இருந்தேனே.

பதினொன்றரை மணி இருக்கும். உள்ளே அடைபட்ட சூட்டில், ஒயரைப் பற்றவைத்திருந்த ஈயம் இளகி, வடிகாலாக நின்ற ரெசிஸ்டரின் ஒயர் கழன்றுகொண்டது. வடிகால் அடைபட்டால் என்ன ஆகும்? அத்தனை தண்ணீரும் வயலுக்குள் பாய்ந்தது. கொசுவாகப் பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கர், ஒரு கார்டின் நடுவில், சொல்லாமல் கொள்ளாமல் யானையாகிவிட்டது. நான் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தேன். மாவு டப்பா உருண்டு விழுந்தது. பக்கத்து வீட்டு நாய் எங்கள் வீட்டைப் பார்த்துக் குரைக்கத் தொடங்கி, பிறகு யோசித்துவிட்டு ஓடிப்போனது.

நான் ஸ்விட்சைத் தட்டி அணைப்பதற்குள் அப்பா வாசலில் நின்றார்.

அறை முழுக்கக் கருகல் வாசனை. தரை முழுக்க அரிசி மாவு. அப்பா மெதுவாக நடந்து வந்து, மணைப்பலகையைத் தூக்கினார். அடியில் அவருடைய பேன்ட். அதை உதறி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். பின்பக்கம், உட்காருகிற இடத்தில், ஏழு பழுப்பு வட்டங்கள் அழகாக அச்சாகியிருந்தன.

அம்மா ஓடி வந்தாள். "அவன ஒண்ணுஞ் சொல்லாதிய. அவன் உங்க பேன்ட்டத்தான் காய வச்சான்."

"எத வச்சு?"

"வாசிச்சு."

அப்பா சுவரோரமாக இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஸ்டேஷனில் ஆட்களை விசாரிக்கிற உட்கார்வு அது.

"எத்தன நாளா நடக்கு இது?"

"மூணு வாரம்ப்பா."

"அப்ப வெயிலு?"

"அது நான்தாம்ப்பா."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா சிரிக்கவில்லை. கொப்பரை மூடியைத் திறந்து பார்த்தார், ஒயரைப் பார்த்தார், ஆம்பைப் பார்த்தார். "சரி, முழிச்சாச்சு" என்றார். எனக்கு அந்த இரண்டு வார்த்தை போதுமானதாக இருந்தது. "யப்பா, நான் சத்தம் வைக்கல, அந்த ஒயரு கழண்டு..." என்று ஆரம்பித்தேன். "எவன் வழுக்கி விழுந்தாலும் பாறையத்தாம்ல கொற சொல்லுதான்" என்றார். அவ்வளவுதான்.

நான்கு மணிக்கு அச்சன்புதூரிலிருந்து மைக்செட் அண்ணாச்சி லோடு ஆட்டோவோடு வந்தார். ஆம்பைத் தூக்கி ஏற்றும்போது ஒரு பக்கம் நான்தான் பிடித்தேன். அண்ணாச்சி பின்பக்கம் எட்டிப் பார்த்து, "உள்ள என்ன தம்பி, பல்பு எல்லாம் போட்டிருக்க, இத எடுத்துரலாம்லா?" என்றார். நான் உள்ளே போய்விட்டேன். எல்லாரையும் கேலி பண்ணியே வளர்ந்த வாய் என்னுடையது. அன்றைக்கு அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆட்டோ போன பிறகு முன்னறையில் அது இருந்த இடம் மட்டும் சதுரமாகத் தூசி இல்லாமல் இருந்தது. அதைப் பெருக்கக்கூட மனம் வரவில்லை.

இன்னொரு செட் யூனிஃபார்ம் சொட்டச் சொட்ட ஈரமாக இருந்ததால், அப்பா அந்த ஏழு வட்டத்தோடுதான் பணிக்குப் போனார். பெரிய அதிகாரி அருவியைச் சுற்றிப் பார்த்த நேரம் முழுவதும் அப்பா அவருக்கு முதுகைக் காட்டவே இல்லையாம். அவர் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் திரும்பி விறைப்பாக நின்றிருக்கிறார். "ரொம்பக் கட்டுப்பாடான ஆளு" என்று அதிகாரி இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டுப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

புதுப் பேன்ட் தைத்து வந்தது. ஆனால் சாரல் நிற்கவில்லை. மூன்றாவது நாள், காலையில் பைக்கிலிருந்து இறங்கிய அப்பா காலை அகட்டி அகட்டி நடந்து வந்தார். நான்காவது நாள் பவுடர் டப்பா குளியலறைக்குள் குடியேறியது. ஈரக் காக்கி தொடையில் உரசினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, அவர் நடையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஐந்தாவது நாள் தூங்கப் போகாமல் என் அறை வாசலில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அந்தக் கொப்பரைய மட்டும் தனியா சூடு பண்ண முடியாதோ?"

"அது எப்படிப்பா முடியும்? அதுக்கு ஆம்ப் வேணும்லா."

"வேற எதையாவது மாட்டி?"

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அறுபது வாட் குண்டு பல்பு ஒன்றைக் கொப்பரைக்குள் எரியவிட்டால் ஏறக்குறைய இதே சூடு வரும். தென்காசி பஜாரில் தேடினால் இன்னும் கிடைக்கும். மாட்டுவதற்குப் பத்து நிமிடம் ஆகும். இது, பாலிடெக்னிக்கில் ஒன்றரை வருடம் படித்த எனக்கு மட்டுமல்ல, வாசல்வரை போய்த் திரும்பியவனுக்குக்கூடத் தெரியும். அப்பா நேராகக் கேட்டார். நான் மூக்கைச் சொறிந்தேன். ரெசிஸ்டர், இம்பிடன்ஸ், லோடு என்று எனக்குத் தெரிந்த மூன்று வார்த்தைகளையும் வரிசை மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டு, "வேற எதுவும் ஒத்து வராதுப்பா" என்று முடித்தேன். படிப்பு எனக்கு உதவியது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான்.

அன்று மாலை பணிக்குக் கிளம்புவதற்கு முன்னால் லோடு ஆட்டோ மறுபடி வந்தது. முன்னால் டிரைவர் பக்கத்தில் அப்பா, பின்னால் ஆம்ப். பறிமுதல் செய்த பொருளைக் கொண்டுவருகிற முகத்தோடு இறங்கினார். நான் முதலில் பின்பக்கம் கையை விட்டு எண்ணிப் பார்த்தேன். வால்வுகள் எல்லாம் இருந்தன. அண்ணாச்சிக்குக் கழற்ற நேரம் கிடைக்கவில்லை.

"கேட்டுக்க" என்றார் அப்பா. "பாட்டுக்கு இல்ல இது. பேன்ட்டுக்கு. காலையில ஒம்பது மணிக்கு ஆரம்பிக்க, பன்னெண்டு வரைக்கும். நடுவுல டீ குடிக்கேன், போன் வருதுன்னு எந்திரிக்கக் கூடாது. கேட்டியா?"

"ஞாயித்துக்கெழமைப்பா?"

"ஞாயித்துக்கெழமதாம்ல கூட்டம் ஜாஸ்தி."

ஆம்ப் கிடைத்துவிட்டது. முன்னறையில் அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டது. இந்த முறை ரெசிஸ்டர் முனைகளை ஈயத்தை நம்பி விடாமல் திருகாணி போட்டு முறுக்கினேன். மூடிக்குமேல் கம்பி வலையில் ஒரு கூண்டு செய்து, துணி துளையைத் தொடாதபடி வைத்தேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆசை ஆசையாகக் கிடாரைத் தூக்கினேன். ஒன்பதரைக்கு நன்றாக இருந்தது. பத்தரைக்கு விரல் வலித்தது. பதினொன்றுக்கு, எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கலாமா என்று பார்த்தால், கதவோரம் அம்மா உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கல எந்திரிக்க? இடுப்புப் பட்டி இன்னும் காயல."

ஒரு வாரம் இப்படிப் போனது. பாலிடெக்னிக்கில் முதல் மணி அடிப்பதற்கு முன்பே மதில் ஏறிக் குதித்தவன், எந்த வேலையிலும் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் உட்காராதவன், காய்ச்சல் வந்த அன்றுகூட மஃப்ளரைக் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் முழக்கினேன். கொடையில் கீபோர்டுக்காரர் என் வாசிப்பைக் கேட்டுவிட்டு, "என்னடே, கை இப்படிப் பழகிட்டு? யார்ட்ட படிக்க?" என்றார். போலீஸ் டிபார்ட்மென்ட்டில் என்றேன். அவர் நம்பவில்லை.

ஒரு காலையில், அப்பா உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருக்க, அம்மா காய்ந்த சட்டையை மடித்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏலே, கோழிக்குஞ்சுக்குக் குளிருக்குன்னு கூடைக்குள்ள பல்பு போட்டு விடுவாவல்லா. அது மாதிரி ஒண்ண இதுக்குள்ள போட்டா துணி காயாதோ?"

என் கை கம்பிமேல் நின்றுவிட்டது. அம்மா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. சட்டையின் கையை மடித்து, காலரை நீவி, அடுக்கின்மேல் வைத்தாள்.

"எப்பம்மா இது தோணுச்சு?"

"மொத நாளே."

"அப்பாட்ட சொன்னியா?"

"நான் எதுக்குச் சொல்லுதேன்? பல்பு போட்டா நீ காலையிலேயே பைக்க எடுத்துக்கிட்டு ஊர் சுத்தப் போயிருவ." அடுத்த ஈரச் சட்டையை எடுத்துக் கூண்டின்மேல் விரித்தாள். "கைய நிறுத்தாத. சூடு கொறையுது."